பறக்கும் முன் ஒரு தட்டு சொஜ்ஜி

டிக்கெட் வைத்திருப்பவன் அதிகம் பேசமாட்டான். பையைத் துழாவுவான், சட்டையைத் தட்டிப் பார்ப்பான், எடுத்து நீட்டுவான், திரும்பவும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வான். டிக்கெட் இல்லாதவன்தான் பேசுவான். யார் கல்யாணத்துக்குப் போகிறான், பர்ஸை எந்த ஆட்டோவில் விட்டான், அவன் மாமா ரயில்வேயில் எவ்வளவு பெரிய ஆள், எல்லாம் நான் கேட்காமலே வரும். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் பாதி ஆயுளாக டிக்கெட் பரிசோதித்து நான் கற்றுக்கொண்ட வித்தை இது ஒன்றுதான். என் பெயர் நீலாம்பாள். பயணிகள் வைத்த பெயர்கள் வேறு உண்டு, அவை இங்கே வேண்டாம்.

அதனால் என் மகள் விஷ்ணுப்ரியா கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்று பேச ஆரம்பித்தபோதே எனக்குக் காது விறைத்துக்கொண்டது.

"அம்மா, பறக்கணும்னு உனக்கு எப்பவும் ஆசைதானே? காட்டாக்கடை தாண்டி ஒரு கிளப் இருக்கு கேட்டியா. மைக்ரோலைட்னு சின்னப் ப்ளேன், ரெண்டே ரெண்டு பேர்தான் உக்காரலாம். நாமளே ஓட்டக் கத்துக்கலாம். ட்ரெயினர் கூடவே இருப்பார். நல்ல ட்ரெயினராக்கும். ரொம்பப் பொறுமை. என் ஆபீஸ் ஸ்ரீலக்ஷ்மியோட அம்மாகூடப் போயிட்டு வந்தா. ஒரு கொழப்பமும் இல்லை. முதல் க்ளாஸுக்கு உன் பேர்ல புக் பண்ணிட்டேன்."

நான் ஒரே வார்த்தைதான் கேட்டேன். "ஏன்?"

"ஏனா? சும்மா. உன் பொறந்தநாளுக்குன்னு வெச்சுக்கோயேன்."

"என் பொறந்தநாள் ஆவணியிலடி. இது பங்குனி."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். சிரிப்பிலும் ஒரு அவசரம் இருந்தது.

பறக்கும் ஆசை பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பத்மநாபஸ்வாமி கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வள்ளக்கடவுப் பக்கம் இறங்கும் விமானங்கள் தெரியும். துணி உலர்த்துவதை விட்டுவிட்டு எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வேலைக்காலம் முழுக்க ஓடும் வண்டியில் நின்றபடியே கழித்தவள் நான். ஊரார் எல்லோருக்கும் ஜன்னல் சீட் ஒதுக்கிக் கொடுத்தேன், எனக்கென்று ஒன்று வாய்க்கவில்லை. "ரிடையர் ஆனா நானே ஒரு ப்ளேன் ஓட்டுவேன்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பேன். அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் பெண். தூண்டில்காரனுக்குக் கண் தக்கை மேலே என்பார்கள். இவள் தூண்டிலில் கோத்திருப்பது என் ஆசையை. மீன் எது என்றுதான் தெரியவில்லை.

முதலில் அவள் சொன்ன தேதி ஆறாட்டு நாளில் விழுந்தது. பத்மநாபஸ்வாமி சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவது விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான். அன்று சாயங்காலம் பெரிய பெரிய விமானங்களே காத்திருந்து வழிவிடும். "ஸ்வாமி எறங்கற அன்னிக்கு எவன்டி பறப்பான்?" என்று கேட்டேன். "அது வேற எடம் அம்மா, நாம போறது காலம்பற" என்றாள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்து, அதற்கடுத்த ஞாயிறு என்றாள். இந்த ஊரில் எந்த ஆபீஸில், எந்த கிளப்பில், முதல் மணியிலேயே ஃபோனை எடுக்கிறார்கள்?

மறுநாள் என் வாட்ஸாப்புக்குச் செய்தி வந்தது. அனுப்பியவன் ட்ரெயினர் விஜின். எடை எவ்வளவு என்று கேட்டிருந்தான். புடவை, துப்பட்டா கூடாது, பின்னால் விசிறி சுற்றும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளவும். காலையில் லேசாகச் சாப்பிடவும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம், மேலே வயிற்றைப் புரட்டும். எல்லாம் நியாயமான விஷயம். ஆனால் எல்லாம் தமிழில். இந்த ஊரில் முகம் தெரியாத ஒருத்தருக்கு எவனாவது தமிழில் எழுதுவானா? மலையாளத்தில் எழுதுவான், இல்லையென்றால் இங்கிலீஷில் எழுதுவான். என் வீட்டுப் பாஷை அவனுக்கு எப்படித் தெரிந்தது?

என் வீட்டுக்காரர் அனந்தபத்மநாபனிடம் கேட்டேன். "இதுல என்னவாக்கும் இருக்கு? உங்களுக்குத் தெரியுமா?"

"எதுல?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. அதனால் ரகசியம் இருக்கும்போது பேச்சையே நிறுத்திவிடுவார். மனசில் இருப்பதை மறைக்க என்றைக்குமே முடியாதவர். அந்தக் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு லெட்டரும் வரவில்லை. இவர் வந்தபோதும் இவருடைய அம்மா அதே வசனத்தைச் சொல்லி எழுந்தாள். இவர் எழுந்திருக்கவில்லை. காலித் தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் சொஜ்ஜி கெடைக்குமா?" என்றார். அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினாராம். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, லெட்டர் அப்புறம் வந்தது ஒரு சம்பிரதாயத்துக்கு. சின்ன வயசில் ப்ரியாவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இந்தக் கதைதான் சொல்லுவேன். கிள்ளு வரும் இடத்தில் அவளே என்னைக் கிள்ளுவாள்.

அந்த மனுஷர் இப்போது ஒரே பக்கத்தை அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஆக, அப்பாவும் உடந்தை. வீட்டை விற்றுவிட்டுக் கழக்கூட்டத்தில் ஃப்ளாட் வாங்கும் பேச்சு முன்பே ஒரு தடவை அடிபட்டது. அதற்குத்தான் என்னைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மேலே கொண்டுபோய்க் காட்டி, "பாரும்மா, கோட்டை எவ்வளவு சின்னது" என்று சொல்லப் போகிறார்களோ என்னவோ.

சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் சும்மாவும் இல்லை. ஃபோனில் வீடியோ பார்த்தேன். அந்த வண்டியில் ஸ்டியரிங் கிடையாது. இறக்கையோடு சேர்ந்த குறுக்குக் கம்பி ஒன்று முன்னால் இருக்கும். அதை வெளியே தள்ளினால் மேலே போகும், நெஞ்சுப் பக்கம் இழுத்தால் கீழே வரும், வேகமும் எடுக்கும். பயந்து போனவன் எதையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்பான், இங்கே அப்படிப் பிடித்தால் தரைதான். அதனால் பழக வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, துணி உலர்த்தும் கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன், இழுத்தேன். கண்ணை மூடினால் கீழே கரமனை ஆறு ஓடியது. இவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

"என்ன பண்றே?"

"ஒட்டடை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். இவர் வயிறு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் ட்யூட்டி பேன்ட்டும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டேன், இரண்டு இட்லிக்கு மேல் தொடவில்லை. கார் ஓட்டிய ப்ரியாவைப் பார்த்தேன். புதுச் சுடிதார், தலையில் மல்லிகை. அம்மா பறப்பதை வேடிக்கை பார்க்க எதற்கு மல்லிகை?

காட்டாக்கடை தாண்டி, ரப்பர் மரங்கள் முடிந்த இடத்தில் மைதானம். தகரக் கொட்டகை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். காற்றின் திசையும் பலமும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களாம். அப்போது அது கம்பத்தோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. வடக்கே பொன்முடி மலை துடைத்து வைத்தது மாதிரி தெரிந்தது. கொட்டகைக்கு வெளியே அது நின்றது. மூன்று சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட், பின்னால் விசிறி, மேலே மஞ்சளும் நீலமுமாகத் துணி இறக்கை. கூரை இல்லாத ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி. கிட்டே போய் முன் சீட்டைத் தடவிப் பார்த்தேன்.

"வாருங்க மேடம். யாத்ர சுகமா இருந்துதா?" விஜின் கொட்டகையிலிருந்து வந்தான். முப்பது வயசிருக்கும், வெயிலில் கறுத்த முகம். பேச்சைக் கேட்டதுமே பாறசாலைப் பக்கத்துத் தமிழ் என்று தெரிந்தது. மரியாதையான பையன்தான். ஆனால் ப்ரியாவை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவரும் ஜோடிதான் ஒரே பெட்டியில் ஏறி, வேறு வேறு ஜன்னலில் உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படும்.

"ஏறலாமா?" என்றேன்.

"ஏறலாம் மேடம். அதுக்கு முன்ன ஏதாங்கிலும் சாப்பிடணும்." அவன் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டிஃபன் கேரியரைக் கொண்டுவந்து பிரித்தான். மேலடுக்கில் வாழைக்காய் பஜ்ஜி. கீழடுக்கில் முந்திரி மினுமினுக்க, நெய் வழிய, செக்கச்செவேல் என்று சொஜ்ஜி.

"எண்ணெய்ப் பலகாரம் கூடாதுன்னு நீதானேப்பா எழுதினே?"

அவன் விழித்தான். "அது... கொஞ்சமா சாப்பிட்டா குழப்பமில்ல. எங்கம்மை செய்தது. வெங்காயம் ஒண்ணும் சேக்கல்ல மேடம். புது எண்ணெய்தான். பாத்திரமும் புதுசு."

வாழைக்காய் பஜ்ஜியில் வெங்காயம் சேர்க்கவில்லை என்று உலகத்தில் யாராவது சொல்லுவார்களா? டிக்கெட் இல்லாதவன்தான் பேசுவான். சொஜ்ஜி, பஜ்ஜி, மல்லிகை, தமிழில் வந்த செய்தி, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்த மனுஷர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து உட்கார்ந்தது. கோட்டையும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. நான் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறேன்!

"உங்கம்மா எங்கே?" என்றேன்.

"வீட்டுல" என்றான். கண் மட்டும் ரப்பர் மரங்களின் பக்கம் போய்த் திரும்பியது.

அங்கே நிழலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, உள்ளே ஒரு தினசரி மட்டும் விசிறியாக ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லாமல் ரயில் கழிப்பறைக்குள் ஒளிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேரே போய், அந்தக் கதவைத் தட்டுவது போலவே கண்ணாடியைத் தட்டினேன். கதவு திறந்தது. நல்ல பட்டுப் புடவையும் வேர்வையுமாக ஒரு அம்மாள் இறங்கினாள். லீலாபாய் என்று பெயர் சொன்னாள்.

"ஒளிஞ்சிருக்கல்ல அக்கா. நீங்க பறந்திட்டு வந்த பெறகு வந்தா போரும்னு இவன் சொன்னான். பொய் சொல்லாண்டாம் பாருங்க, எனக்கும் இதுல பெரிய சந்தோஷம் ஒண்ணும் இல்ல. எங்க சபையில ரெண்டு பொண்ணு பாத்து வச்சிருந்தேன். இவன் கேக்கல்ல."

"சொஜ்ஜி பஜ்ஜி?"

"ஐயர் வீட்டுல பொண்ணு பாக்கும்போ அது இல்லாம பற்றாதுன்னு எங்க ஓஃபீஸ்ல ஒருத்தி சொன்னா."

"அது பொண்ணாத்துக்காரா பண்ணிக் குடுக்கறதாக்கும்."

"செரிதான். பொண்ணைப் பாக்க வந்தா பொண்ணு வீட்டுல தரணும். இது நீங்க பையனைப் பாக்கல்லா வாறீங்க? அப்ப நாங்கதானே தரணும்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. நான் என் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

பாறசாலை, சர்ச்சுக்குப் போகிற வீடு. கோட்டைக்குள் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று ஒரே நேரத்தில் பத்து வாய் என் காதில் பேசியது. அந்தக் கோபம் அப்புறம் வரட்டும் என்று ஒதுக்கினேன். அதற்கு முன்னால் இன்னொன்று வலித்தது.

"இந்தப் ப்ளேன் எனக்காகவாடி, உனக்காகவா?"

"ரெண்டுக்கும்தான் அம்மா. நீ சந்தோஷமா இருக்கறச்சே சொல்லலாம்னு..."

"மேலே போனப்பறம் அவன் சொல்லணும், அதானே ப்ளான்? பெல்ட் போட்டிருப்பேன், எழுந்து போக முடியாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் அதுதான் ப்ளான்.

"எனக்குன்னு ஒரு ஆசை இருந்துது. அதுலயும் உன் காரியத்தை முடிச்சுப் போட்டியே. காதலிச்சதுக்குக் கோபம் இல்லைடி இப்போ. நேரா வந்து சொல்லியிருந்தா நேரா சண்டை போட்டிருப்பேன். நான் கம்பை வெச்சுண்டு நாற்காலியில உக்காந்து பழகினேன், தெரியுமா உனக்கு?" குரல் உடைந்துவிட்டது. மூன்றாம் மனுஷர்கள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு விஜினைப் பார்த்தேன். "ஹெல்மெட் குடு. நான் பறக்கத்தான் வந்தேன். பறந்துட்டுத்தான் போவேன்."

அவன் கொடுத்தான். முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்டை இழுத்து மாட்டினான், எந்தக் கம்பி எதற்கு என்று தெளிவாகச் சொன்னான். நான் குறுக்குக் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது. அவன் ஏறப் போனவன் நின்றான். கம்பத்து உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த துணிக்குழாய் இப்போது விறைத்து நீட்டிக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், கடல் காத்து ஏறியாச்சு. குறுக்கால அடிக்குது. இன்னைக்குப் பறக்காண்டாம்."

"நான் வந்தப்போ காத்தே இல்லையே?"

"வந்த ஒடனே ஏறியிருந்தா பறந்திருக்கலாம்."

சொஜ்ஜியும் காரும் அழுகையுமாக விடியலைத் தின்று தீர்த்திருந்தோம்.

ப்ரியா ஓடிவந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "விஜின், ப்ளீஸ். ஒரே ஒரு ரவுண்ட். அம்மா எவ்ளோ ஆசையா வந்திருக்கா, இப்போ வேண்டாம்னா எல்லாம் போச்சு." லீலாபாயும் பின்னாலேயே வந்தாள். "கொஞ்சம் மேல போயிட்டு எறங்கிருலே. அவங்களுக்கு சங்கடம் ஆயிரும்."

"முடியாதும்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இதோ பாருப்பா, என்னை இப்ப எறக்கிவிட்டேன்னா உன் காரியம் நடக்காது. தெரியுமோன்னோ?"

அவன் என் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரக்கூட இல்லை.

"அது வேற மேடம். இது வேற."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் காத்திருந்தேன், ஏதாவது விளக்கம் சொல்லுவான், யாரையாவது துணைக்கு இழுப்பான் என்று. ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, நான் இறங்குவதற்குத் தோளைக் கொடுத்தான்.

நானும் காலையிலிருந்து அதைத்தானே கத்திக்கொண்டிருந்தேன். அது வேறு, இது வேறு. அங்கே நின்றிருந்த எங்களில் அதைப் பிரித்து வைக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நான்கூட இரண்டையும் ஒன்றாக முடிந்து அவனை மிரட்டிப் பார்த்தாயிற்று.

போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். லீலாபாய் தயங்கித் தயங்கி ஒரு தட்டில் சொஜ்ஜியும் இரண்டு பஜ்ஜியும் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். பறப்பது இல்லையென்று ஆனபின் எண்ணெய்ப் பலகாரத்துக்கு என்ன தடை? மூன்று பேரும் நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு இவ்வளவு சுகம் இருந்ததா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தித்திப்பு ஒரு பிடி ஜாஸ்தி" என்றேன்.

"அடுத்த தவண கொறைக்கிறேன்" என்றாள் லீலாபாய் சட்டென்று. சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விஜின், அடுத்த ஞாயித்துக்கிழமை காத்து எப்படி இருக்கும்?"

"விடியும்போ வந்தா நல்லா இருக்கும் மேடம்."

"வரேன். நான் மட்டும் வரேன். இவ வரவேண்டாம், மல்லிகையும் வேண்டாம். அன்னிக்குப் பறக்கறதைத் தவிர வேற பேச்சு எடுக்கப்படாது."

"செரி மேடம்."

"மத்ததுக்கு..." என்று நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டேன். "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறேன்."

ப்ரியாவின் முகம் செத்துப்போயிற்று. அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தவள் நான். லீலாபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "லெட்டரா? எதுக்கு அக்கா, ஃபோன் பண்ணினா போராதா?" என்று கேட்டாள்.

என் பெண் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் நடக்கட்டும் என்று விட்டேன். எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறதல்லவா. அப்புறம் அவள் காதில் விழும்படியாக, காலித் தட்டை லீலாபாயின் பக்கம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் சொஜ்ஜி கெடைக்குமா?"

ப்ரியா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்து, சின்ன வயசில் செய்தது போலவே, என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது.